நல்வரவை விரும்புவோரில் அக்கா இல்லை

1932, ஆவணி. காரியாபட்டிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் பிறப்பு. பதிவேட்டில் தந்தையின் பெயர் உள்ளது. "பெண்" என்று உள்ளது. குழந்தையின் பெயருக்கான கட்டம் காலி.

1941, ஜூன். மூன்றாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நீக்கம். காரணம்: வீட்டு வேலை.

1950, தை. திருமணம். மணமகன் ஆனைக்குட்டம் பக்கத்து ஊர்.

1954, ஐப்பசி. கணவர் மஞ்சள்காமாலையில் மரணம். குழந்தைகள் இல்லை. அடுத்த மாதம் அக்கா பிறந்த வீட்டுக்குத் திரும்பினார்.

1956. எங்கள் தந்தை மரணம். நிலம் ஒரே மகனான என் பெயருக்கு மாறியது.

1963, பங்குனி. என் மனைவி, பிரசவம் ஆன பதினோராம் நாள் மரணம். பெண்குழந்தை அக்காவிடம் ஒப்படைக்கப்பட்டது.

1983, வைகாசி. அந்தக் குழந்தையின் திருமணம், விருதுநகரில்.

1995. நான் பணி ஓய்வு பெற்றேன். நிலம் குத்தகைக்கு விடப்பட்டது. அக்கா விருதுநகரில் என் வீட்டுக்கு வந்தார்.

2007, மார்ச். அக்கா மரணம், என் வீட்டில். வயது எழுபத்து நான்கு.

மேலே உள்ள ஒன்பது பதிவுகளையும் திரட்ட எனக்குப் பதினோரு மாதங்கள் ஆயின. நான் வரலாறு கற்பித்தவன். மதுரையில் ஒரு கல்லூரியில் முப்பத்து மூன்று ஆண்டுகள். உடைந்த கல்லொன்றில் பாதிப் பெயர் மட்டும் எஞ்சிய குறுநிலத் தலைவனுக்குக்கூட மூன்று தலைமுறை வம்சாவளி வரைந்து காட்ட மாணவர்களைப் பழக்கியவன். எழுபத்து நான்கு ஆண்டுகள் வாழ்ந்த, அதில் பெரும்பகுதியை என் கண்ணெதிரே வாழ்ந்த ஒரு பெண்ணுக்கு ஒன்பது வரி சேர்ப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. அது வயதினால் அல்ல.

தேடலைத் தொடங்கி வைத்தது இறப்புச் சான்றிதழ். அக்கா போன அடுத்த மாதம் அதை வாங்கப் போயிருந்தேன். பெயர் சரியாக இருந்தது. வயது சரியாக இருந்தது. "தொழில்" என்ற இடத்தில் "இல்லை" என்று எழுதியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த எழுத்தர் இளையவர், மரியாதை தெரிந்தவர். திருத்த வேண்டும் என்று சொன்னதும் பேனாவை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"அம்மா வேலைக்குப் போனாகளா சார்?"

"விவசாயம் செய்தார். நாற்பது ஆண்டுகள்."

"நிலம் அவுக பேர்லயா?"

"என் பெயரில்."

"அப்ப விவசாயி நீங்கள்ல சார்!" என்று சிரித்தார். அதில் கேலி இல்லை. பதிவேட்டின் நியாயத்தைத்தான் அவர் சொன்னார்.

நான் ஏர் பிடித்ததில்லை. மடை திறந்ததில்லை. சனிக்கிழமை மாலைகளில் மதுரையிலிருந்து பேருந்தில் வந்து இறங்கி, இஸ்திரி கலையாத சட்டையோடு வரப்பில் நடப்பேன். அக்கா எங்கோ மிளகாய்ப் பாத்திக்குள்ளிருந்து குரல் கொடுப்பார்: "ஏலே வாத்தியாரே, செருப்பக் கழட்டிட்டு நட. மொளகாச் செடி ஒன் காலேசுப் புள்ளைக இல்ல, மிதிச்சாலும் எந்திரிச்சு நிக்கிறதுக்கு!" பக்கத்தில் களையெடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

எழுத்தர் சொன்னது உண்மையா என்று பார்க்க அடங்கல் நகல்களுக்கு விண்ணப்பித்தேன். ஒவ்வொரு பருவத்திலும் எந்தப் புலத்தில் யார் என்ன பயிரிட்டார் என்பதைக் கிராம அலுவலர் எழுதி வைக்கும் கணக்கு அது. கிடைத்த ஆண்டுகள் சொற்பம். கிடைத்த எல்லா ஆண்டுகளிலும், மதுரையில் வகுப்பெடுத்துக்கொண்டிருந்த நான் பருத்தி விதைத்திருக்கிறேன்; மிளகாய் நட்டிருக்கிறேன்; ஓராண்டு நிலக்கடலை. அந்த நிலத்தில் அக்கா நின்றதற்கு அரசிடம் ஒரு சான்றும் இல்லை. அரசு என்னிடம் பொய் சொல்லவில்லை. நான் அரசிடம் சொன்ன பொய்யை அது பத்திரமாக வைத்திருந்தது.

பிறப்புப் பதிவேட்டைத் தேடியபோது மற்றோர் அலுவலகத்தில், ஓய்வுக்குச் சில மாதங்களே மீதமிருந்த ஒருவர் பழைய கட்டுகளை அவிழ்த்துக் கொடுத்தார். காலிக் கட்டத்தைக் காட்டிக் கேட்டேன். "அந்தக் காலத்துல பேரு வைக்கிறதுக்கு முன்னாடியே எழுதிருவாக சார். பெறகு வந்து யாரு சொல்லப் போறா? ஆம்பளப் புள்ளைன்னாப் பள்ளிக்கொடத்துக்குன்னு எப்பவாச்சும் வருவாக," என்றார். பிறகு என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "செத்தவுகளுக்குப் பொறந்த சர்டிபிகேட்டு எதுக்கு சார்? ரெண்டும் கையில இருந்தா எதுக்கும் அலைய வேணாம்னா?" என்றார். தன் நகைச்சுவை எனக்கு உறைத்துவிட்டது என்று நினைத்துத் தேநீர் வரவழைத்தார்.

பள்ளிப் பதிவேடு இன்னும் நேர்மையானது. "வீட்டு வேலை" என்று காரணம் எழுதியிருந்தது. அது எங்கள் அம்மா படுக்கையில் விழுந்த ஆண்டு. வீட்டில் கவனிக்க வேண்டிய வேலை ஒன்றே ஒன்றுதான் புதிதாகச் சேர்ந்திருந்தது. அதற்கு அப்போது வயது நான்கு. பிற்காலத்தில் அது வரலாற்றுப் பேராசிரியர் ஆயிற்று.

ஆனைக்குட்டம் பக்கம் அக்கா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கும் போனேன். கணவரின் தம்பி மகன் இருந்தார். முன்பின் அறியாத என்னை நாற்காலி போட்டு உட்காரவைத்து, கலர் சோடா உடைத்துக் கொடுத்தார். சுவரில் அவர்கள் குடும்பத்து வம்சாவளி, சிவகாசியில் அச்சிட்டுப் பளபளப்புத் தாள் ஒட்டியது, சட்டம் போட்டுத் தொங்கியது. அக்காவின் கணவர் பெயர் மூன்றாம் வரிசையில் இருந்தது. அதன் கீழே கோடு நின்றுபோய், "வாரிசு இல்லை" என்று இருந்தது. பக்கத்துப் பெயர்களோடெல்லாம் மனைவியரின் பெயர்களும் இருந்தன.

"இவருடைய மனைவி பெயர் இல்லையே?"

"பிள்ளை பெத்தவுக பேரெல்லாம் போட்டிருக்கு சார். இவுக நாலு வருசந்தான இருந்தாக? பெறகு அங்கனயே போயிட்டாகள்ல?" என்றார். அவர் குறிப்பிட்ட "அங்கன" நான்தான். அங்கே வந்தவரை எங்கள் வீட்டுக் கணக்கில் யாரும் சேர்க்கவில்லை என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. எழுந்தபோது, வெயில் தாழ்ந்து போகலாமே என்று உண்மையான அன்போடு சொன்னார். ஒருவரிடமும் கோபப்படுவதற்கு இடம் கிடைக்காததுதான் இந்தத் தேடலில் என்னை மிகவும் வருத்தியது. எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

எங்கள் குடும்பத்துக்குச் சுவரில் மாட்டும் வம்சாவளி கிடையாது. அதற்கு ஈடாக ஒன்று உண்டு: பத்திரிகைகள். திருமணம், காதணி, புதுமனை புகுதல், மஞ்சள் நீராட்டு என்று எதுவானாலும் திருத்தங்கலில் உள்ள ஓர் அச்சகத்தில்தான் அடிப்போம். அடித்த ஒவ்வொன்றிலும் ஒரு பிரதியை அவர்கள் ஆண்டு வாரியாகக் கட்டிப் பரணில் வைப்பார்கள். யார் யாருக்கு மகள், யார் எந்த ஆண்டில் உயிரோடிருந்தார், யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார் என்பதையெல்லாம் ஒரு கல்யாணப் பத்திரிகையின் கடைசிப் பக்கம் சொல்லிவிடும். எங்கள் பக்கத்துச் சாதாரணக் குடும்பங்களுக்கு இதைவிட நம்பகமான வம்சாவளி ஆவணம் இல்லை என்று வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன்.

அச்சகத்தை இப்போது நடத்துபவர் பழைய உரிமையாளரின் மகன். "வாங்க சார், வாங்க. சீசன் நேரத்துல வந்திருக்கீக. பட்டாசு லேபிள் ஆர்டர் கழுத்து வரைக்கும் நிக்குது. பத்திரிகைக்கா?"

"பழைய பத்திரிகை பார்க்க வேண்டும்."

"எம்புட்டுப் பழசு?"

"அறுபதிலிருந்து."

"அப்ப நான் பொறக்கவே இல்ல. அங்கன இருக்காரு பாருங்க, அவரத்தான் கேட்கணும்."

மூலையில் ஒரு முதியவர் லேபிள்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அச்சுக் கோத்த காலத்தில் எங்கள் பத்திரிகைகளைக் கோத்தவர் அவர். கணினி வந்த பிறகும் அச்சகம் அவரை விட்டுவிடவில்லை. கட்டுகளை இறக்கிவைத்து, "கறையான் அண்டல சார், எலிதான் தின்னிருக்கு. அதுவும் ஓரமாத்தான் தின்னிருக்கு, பேரை விட்ருச்சு. மருவாதி தெரிஞ்ச எலி," என்றார்.

மூன்று பகல்கள் அங்கே உட்கார்ந்து படித்தேன். கொள்ளுத்தாத்தாக்கள் "தெய்வத்திரு" என்ற அடைமொழியோடு ஆசி வழங்கினார்கள். சிங்கப்பூர் போய்த் திரும்பி வராத சித்தப்பா நல்வரவை விரும்பினார். பிறந்து ஆறு மாதமான ஆண்குழந்தைகள் பெற்றோருக்கு முன்னால் நின்று அன்புடன் அழைத்தார்கள். 1963-இல் இறந்த என் மனைவி 1983-இல் தன் மகளின் திருமணப் பத்திரிகையில் தெய்வத்திருவாக இருந்தார். சுமங்கலியாகப் போனவர் என்பதால் அவருக்குத் தடை இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அக்காவின் பெயர் ஒரு பத்திரிகையிலும் இல்லை. 1950-இல் தன் சொந்தக் கல்யாணத்துக்கு "சௌபாக்கியவதி"யாக அச்சேறியவர் (அந்தப் பிரதி அப்பாவின் காகிதங்களுக்குள் கிடைத்தது), அடுத்து அச்சேறியது தன் கருமாதிப் பத்திரிகையில்தான். கணவர் போனதிலிருந்து சாகும்வரை அவர் மங்கல காரியங்களில் அச்சிடத் தகாதவராக உயிரோடு இருந்தார்.

ஓர் ஆவணத்தைக் கையில் எடுத்தால் அதை எழுதியவன் யார் என்று முதலில் கேள் என்று மாணவர்களுக்குச் சொல்லுவேன். இந்தப் பத்திரிகைகளை எழுதியவன் நான். பேராசிரியர் வாசகம் எழுதினால்தான் பத்திரிகை பத்திரிகையாக இருக்கும் என்று உறவில் ஒரு பெயர் இருந்தது. அறுபத்திரண்டிலிருந்து எங்கள் பங்காளி வீடுகளில் அடித்த ஏறத்தாழ எல்லாமே என் நடை. சந்திப்பிழை ஒன்றுகூட இல்லை.

என் மகளின் திருமணப் பத்திரிகையை எடுத்தபோது ஒன்று உறுத்தியது. "தங்கள் நல்வரவை விரும்பும்" என்பதன் கீழே முதலில் என் பெயர். அதற்கு அடுத்து, எனக்கு மனைவி இல்லாததால் மணவறையில் தாரை வார்த்துக் கொடுத்த பெரியப்பா மகன், அவன் மனைவி. எங்கள் இரண்டு வரிகளுக்கும் நடுவே ஒரு சிறு பூ அச்சாகியிருந்தது. நான் அலங்காரங்களை அனுமதிப்பவன் அல்ல. முதியவரிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, தாளை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுவா? நீங்க ஒரு வரிய அடிச்சு விட்டிருந்தீக சார். மறுபடி மொத்தத்தையும் எறக்கி ஏத்தணும்னா அன்னைக்கு வேலை நின்னுபோகும். லேபிள் லோடு மிசினுக்குக் காத்துக்கிட்டுக் கெடந்துச்சு. அதான் அந்த எடத்துல ஒரு பூவ வச்சு அடைச்சேன். நல்லாத்தான இருக்கு?"

"என்ன வரி அது?"

"யாரோ ஒரு அம்மா பேரு," என்றார்.

அதை மறந்துபோயிருந்தேன் என்று எழுதத்தான் முதலில் நினைத்தேன். அது சரியான சொல் அல்ல. நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய செயலாக அது எனக்கு அன்று தோன்றவில்லை, அவ்வளவே.

நடந்தது இது. 1983-இல் நான் சொல்லச் சொல்ல, மகள்தான் வாசகத்தைப் படியெடுத்தாள். அவளே பேருந்தில் திருத்தங்கல் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். அச்சகத்திலிருந்து திருத்தத்துக்கு மெய்ப்பு வந்தபோதுதான் பார்த்தேன்: என் பெயருக்குக் கீழே அக்காவின் பெயர், பக்கத்தில் "அத்தை" என்று இருந்தது. அவளாகச் சேர்த்திருந்தாள். விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனா சட்டைப்பையில் இருந்தது. கோடு போட்டேன், ஓரத்தில் "நீக்குக" என்று எழுதினேன். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அக்கா அப்போது எதிரே தரையில், கல்யாணத்துக்கு வந்திறங்கிய துவரம்பருப்பைப் புடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். எழுத்துக்கூட்டிப் படிப்பார்.

"இது எம்பேரு மாதிரியில்ல இருக்கு?"

"ஆமாம். உன் மருமகள் செய்த வேலை."

"அவளுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா? கல்யாணக் கடுதாசில எம்பேரப் போட்டா, பொண்ணெடுக்கிறவுக என்ன நெனப்பாக? அடிலே அத."

இந்த ஒரு சொல்லை இருபத்தைந்து ஆண்டுகள் எனக்குச் சாதகமான சாட்சியமாக வைத்திருந்தேன் என்பது, பூவைப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவரே சம்மதித்தார், அவரே சொன்னார். ஆனால் நிகழ்வுகளின் வரிசை முக்கியம். என் தொழிலின் முதல் விதி அது. அக்கா "அடி" என்று சொல்வதற்கு முன்பே கோடு விழுந்துவிட்டது. மை காய்ந்தும்விட்டது. அவர் எழுந்து வந்து பார்த்தது தீர்ப்பைத்தான். சொன்னது தம்பியைச் சங்கடத்திலிருந்து விடுவிக்க ஒரு சொல். என் குழந்தைக்குப் பதினோராம் நாளிலிருந்து பால் புகட்டி, அம்மையில் கிடந்தபோது வேப்பிலையோடு இருபது நாள் பக்கத்தில் உட்கார்ந்து, பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி ஆளாக்கியவர், அவள் கழுத்தில் தாலி ஏறிய நேரத்தில் சமையல் நடந்த ஆக்குப்புரையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நான் மணவறை அருகே பட்டு வேட்டியில் நின்றேன்.

இரண்டு பேருமே துணையை இழந்தவர்கள். அவர் நான்கு ஆண்டு வாழ்ந்து கணவரை இழந்தார். நான் இரண்டு ஆண்டு வாழ்ந்து மனைவியை இழந்தேன். என் பெயர் பத்திரிகையின் முதல் வரியில் தடித்த எழுத்தில் நின்றது. என் பெயரால் யாருக்கும் எதுவும் ஆகிவிடும் என்று ஒருவரும் அஞ்சவில்லை. இந்த வேறுபாட்டுக்கு எந்த நூலில் ஆதாரம் இருக்கிறது என்று, எதற்கும் ஆதாரம் கேட்கும் நான், ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

2008 தை மாதம் பேத்திக்கு மாப்பிள்ளை முடிவாயிற்று. அன்று தாரை வார்த்த அதே பெரியப்பா மகன் வந்தான். என்னைவிட நான்கு வயது இளையவன். பத்திரிகை வாசகத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் குரலைத் தணித்துக்கொண்டான். ஒரு நல்ல செய்தியைக் கொண்டுவந்தவனின் முகம்.

"அண்ணே, இந்தத் தடவ அக்கா பேரையும் போட்ருவோம்ணே. மேல, சாமி படத்துக்குக் கீழ, தெய்வத்திருன்னு. இனிமே என்ன தோசம் இருக்கு?"

"உயிரோடு இருந்தபோது என்ன தோஷம் இருந்தது?"

"அது வழமைண்ணே. நீங்கதான எழுதுனீக, என்னயக் கேட்கிறீக?"

"என் மனைவியும் போய்விட்டாள். என் பெயரை ஏன் எடுக்கச் சொல்லவில்லை?"

"என்னண்ணே இது, ஆம்பளைக்கு என்ன வெள்ளச் சேலையா கட்டிவிட முடியும்?" என்று தொடையில் தட்டிச் சிரித்தான். நான் சிரிக்காததைக் கண்டதும், "இல்லண்ணே, நான் ஒரு பேச்சுக்குச் சொன்னேன்," என்று காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டான்.

அவன் போன பிறகு எனக்கு வந்த சினத்தை நான் பதிவு செய்ய வேண்டும். உயிரோடிருந்த ஐம்பத்திரண்டு ஆண்டுகள் ஒரு பெண்ணின் பெயரைத் தீட்டாக வைத்திருந்துவிட்டு, மூச்சு நின்றதும் அதைத் தெய்வம் என்று அச்சடிக்க ஆயத்தமாக இருக்கும் இந்த ஏற்பாடு எவ்வளவு வசதியானது! அவர் பந்தியில் உட்காரமாட்டார். எதிரே வந்து நிற்கமாட்டார். யாருக்கும் சகுனம் பார்க்க வேண்டிய தொல்லை இல்லை. பெண்ணை மதிப்பதற்கு இவர்கள் கண்டுபிடித்திருக்கும் ஒரே வழி, அவள் இல்லாமல் போவது.

இவ்வளவும் மனத்துக்குள் சொல்லிக்கொண்ட நான், அன்று மாலையே அவன் சொன்னபடி வாசகத்தை எழுதினேன். "தெய்வத்திரு" என்று தொடங்கி அக்காவின் பெயர். எழுதி முடித்துத் தாளை மடித்து வைத்தேன். ஈடு செய்துவிட்டதாகவே நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அதை மகள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் பள்ளி ஆசிரியை, நோட்டுகள் திருத்திக்கொண்டிருந்தாள். "படிங்கப்பா," என்றாள். படித்தேன். அக்காவின் பெயர் வந்த இடத்தில் அவள் பேனா நின்றது. எழுந்து உள்ளே போனவள், தன் சான்றிதழ்கள் வைக்கும் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

1983-ஆம் ஆண்டு மெய்ப்பு. அந்தக் காலத்தில் கழிவான லேபிள் தாளின் பின்பக்கத்தில்தான் மெய்ப்பு அடிப்பார்கள். மறுபுறம் இருந்த மத்தாப்புப் பெட்டி மயிலின் நிறம் இந்தப் பக்கமும் கசிந்திருந்தது. அக்காவின் பெயர் ஈய எழுத்தில் தெளிவாக இருந்தது. அதன் மேல் கோடு. ஓரத்தில் "நீக்குக". என் கையெழுத்து அன்றும் அழகாகவே இருந்திருக்கிறது.

"இது யாரு எழுதுனதுப்பா?"

"நான்."

"அடிச்ச பத்திரிகைக் கட்டோட இதுவும் திரும்பி வந்துச்சு. அத்தை இத அடுப்பெரிக்கப் போட்டிருந்தாக. நான்தான் எடுத்து வச்சேன். அன்னைக்கே உங்கள்ட்ட கேட்கணும்னு வந்தேன். அத்தை விடல. 'ஒங்கப்பன் படிச்சவன்டி, அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சுபோச்சு'ன்னாக."

தாளை மயில் மேலே வரும்படி திருப்பி வைத்தேன்.

"அன்னைக்கு அவுக தெய்வம் இல்ல. எனக்கு அம்மா. வெங்காயம் உரிச்சிக்கிட்டு இருந்தாக. கண்ணு ஏன் செவந்திருக்குன்னு யாரு கேட்டாலும் வெங்காயம்னு சொல்றதுக்குத் தோதா. இப்ப மட்டும் எப்படிப்பா தெய்வமானாக?"

"வேறெப்படிப் போடுவது, சொல். நீ சொல்கிறபடி எழுதுகிறேன்."

"போட வேணாம். நீங்க அடிச்ச பேர, நீங்களே இன்னொரு பட்டத்தோட திருப்பிக் குடுக்க வேணாம். எங்க ரெண்டு பேரு பேரு மட்டும் இருக்கட்டும், பெத்தவுகன்னு. வேற யாரும் வேணாம்." நோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க பேரும் வேணாம்ப்பா."

அவள் குரல் உயரவில்லை. அதை அவள் அக்காவிடமிருந்து கற்றிருக்க வேண்டும். என்னிடமிருந்தும் கற்றிருக்கலாம்.

அவள் சொன்னபடி வாசகத்தைத் திருத்தி எழுதினேன். நானே திருத்தங்கல் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாரம் கழித்து மெய்ப்புப் பார்க்கப் போனபோது, உரிமையாளர் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"சார், உங்க பேரு விட்டுப்போச்சு போல. சேத்துருவமா? ரெண்டு நிமிச வேலைதான்."

"விட்டுப்போகவில்லை," என்று சொல்லிக் கையெழுத்திட்டேன்.

பத்திரிகை உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த அன்றே தொலைபேசி மணி அடித்தது. பெரியப்பா மகன். மூச்சு வாங்கப் பேசினான்.

"என்னண்ணே கொடுமை இது! உசுரோட குத்துக்கல்லாட்டம் இருக்கிற மனுசன் பேரு இல்லாம ஒரு பத்திரிகையா? நாலு பேரு என்ன கேட்பாக? ஊர்ல தல காட்ட முடியுமா? எம்புட்டுக் கேவலம்! அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்ல மாட்டீகளா? உசுரோட இருக்கிறவுகள இப்படி அடிச்சுவிட்டா அது நல்லதா?"

முழுவதையும் பேசி முடிக்க விட்டேன். அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் சரியானது. ஒன்றைக்கூட நான் மறுக்க விரும்பவில்லை.

"இதைத்தான் தம்பி, எண்பத்து மூன்றில் நீயும் நானும் யோசித்திருக்க வேண்டும்," என்றேன்.

பிறகு, "அக்காவச் சொல்றீகளா?" என்றான்.

"ஆமாம்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இன்னும் செய்யாமல் நிற்பவை:

இறப்புச் சான்றிதழில் "தொழில்: விவசாயம்" என்று திருத்தக் கொடுத்த மனு. பதில் இல்லை. நேரில் போக வேண்டும்.

நாற்பது ஆண்டுகள் நிலத்தைப் பார்த்தவர் அக்காதான், நான் அல்ல என்று கிராம அலுவலருக்கு ஒரு கடிதம். பயன் இருக்காது. எழுத வேண்டும்.

ஆனைக்குட்டம் வீட்டுக்கு அக்காவின் முழுப் பெயரும் திருமண நாளும் எழுதி அனுப்புதல்.

அவரோடு களையெடுத்தவர்களில் இரண்டு பேர் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். 1956-க்கும் 1963-க்கும் இடையே என்னிடம் ஒரு தாளும் இல்லை. அவர்களுக்குக் கண் பார்வையும் நினைவும் இருக்கும்போதே போய்க் கேட்க வேண்டும்.

புகைப்படம். வாக்காளர் அட்டையில் இருப்பது ஒன்றுதான். பெரிதாக்கக் கொடுக்கவில்லை.